எங்கள் வீட்டில் வெண்சங்கு கேட்பதில்லை

ஜனவரி 6, செவ்வாய்

இன்று ‘முத்தொலி’யில் நேயர் நேரத்துக்கு வைத்த தலைப்பு, ‘மனம் கவர்ந்த வானொலி நிலையங்கள், அன்றும் இன்றும்.’ எனக்கென்றே வைத்த தலைப்பு. ஊற்றிய தேத்தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியைத் தூக்கினேன். அறிவிப்பாளர் ரூபன் என் குரலைக் கேட்டதும், “வாங்கோ, ஸ்காபரோ தவமலர் அக்கா! நீங்கள் வராமல் இண்டைக்கு நிகழ்ச்சி நடக்குமோ?” என்றார். அது உண்மைதான். வேறு யாருக்கு இவ்வளவு தெரியும்?

இலங்கை வானொலியில் தொடங்கினேன். தபாலட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிவிட்டு, ‘சுழிபுரம் தவமலர்’ என்று பெயர் வாசிக்கும்வரை பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்த கதையைச் சொன்னேன். காற்று அந்தப் பக்கம் அடித்தால் திருச்சி வானொலி எடுபடும், அதன் கச்சேரிகளைச் சொன்னேன். பிறகு மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்ற காலத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓட்டி லண்டன் செய்தி கேட்டதைச் சொன்னேன். ஒருவர் சுற்ற, நான் ஏரியல் வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

“ஆரக்கா சுத்துறது?” என்று கேட்டார் ரூபன்.

“வீட்டிலை ஒராள்,” என்றேன்.

இன்றைய நிலையம் எது என்றதும் ‘முத்தொலி’ மட்டும்தான் என்று அழுத்திச் சொன்னேன். மேலும் சொல்ல வந்தேன், வீடு விற்கிறவரின் விளம்பரம் வந்து வெட்டிவிட்டது. வாய்க்கு ருசியாகக் கதை போகும்போதுதான் இந்த வீட்டுத் தரகர்களுக்கு மூக்கில் வேர்க்கும்.

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஜனவரி 8, வியாழன்

கீழ்மாடிச் சொர்ணம் சலவைக் கூடையோடு வந்து நின்றாள். இந்த முதியோர் கட்டடத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதி. உடுப்புத் தோய்க்க வந்தவளின் முகம் சரியில்லை.

“தவம், கோவிக்காதை. உன்ரை கொண்ணை ஆஸ்பத்திரியிலை.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“ஈரல்லை புற்றாம். இனி ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினமாம். தை முடியுமட்டும் தாங்குமோ தெரியாதாம்.”

“நல்லாப் பாக்கச் சொல்லு. மகள் இருக்கிறாதானே.”

அவள் போன பிறகு துவாய்களை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம். பதினொரு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத அண்ணாவுக்காக என் கை ஏன் மடித்ததையே மடிக்க வேண்டும்? வெட்கமில்லாத கை.

ஜனவரி 11, ஞாயிறு

இதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு கண்டவர்களும் கண்டபடி கதைப்பார்கள்.

இங்கே கனடாவில், இந்த ஊரில் முதலில் ஒரே ஒரு தமிழ் வானொலிதான் இருந்தது. பிறகு நடத்தியவர்கள் அடிபட்டு ‘முத்தொலி’ என்றும் ‘வெண்சங்கு’ என்றும் இரண்டாகப் பிரிந்தார்கள். அப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப் பெட்டி. முத்தொலிப் பெட்டியில் வெண்சங்கு வராது, வெண்சங்குப் பெட்டியில் முத்தொலி வராது. பெட்டி வாங்கியதோடு சனமும் இரண்டாகிவிட்டது. கல்யாண வீட்டில் யார் எந்த மேசையில் இருப்பது என்பதுகூட அதைப் பொறுத்துத்தான். நான் முத்தொலி. அண்ணாவும் அப்போது முத்தொலிதான். காலையில் நான் கதைத்து முடிந்ததும் போன் அடித்து, “இண்டைக்கு நல்லாக் கதைச்சாய்” என்பார்.

ஒரு நாள் ‘வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பு’ என்று தலைப்பு. பலரும் பலதும் சொன்னார்கள். நானும் ஒரு உதாரணம் சொன்னேன். எனக்கு மிக நெருங்கிய குடும்பத்தில் ஒரே ஒரு பெண்பிள்ளை, படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகரத்துக்குள் ஒரு வெள்ளைக்காரப் பொடியனோடு குடித்தனம் நடத்துகிறாள், தாய் தகப்பன் அது தெரியாமல் கோயிலில் அவளுக்காக அர்ச்சனை செய்கிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான். நான் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஊர், தெரு, ஒன்றும் சொல்லவில்லை. சனம் தானாகக் கண்டுபிடித்தால் அது என் பிழையா? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அந்த நேரம் மீன் கடையில் நின்றாளாம். அங்கே எங்கள் நிலையம்தான் சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததாம். எடுத்த மீனை வாங்காமல் வைத்துவிட்டு வெளியே போனாளாம். அதன்பிறகு அவள் கோயிலுக்கும் போகவில்லை, ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னரே சீனி வருத்தம் இருந்தது. அதை ஒருவரும் சொல்வதில்லை.

அண்ணா போனில் ஒன்றே ஒன்று கேட்டார். “எனக்குச் சொல்லியிருக்கலாமே, தவம். ஏன் ரேடியோவுக்குச் சொன்னனீ?” அத்தோடு வைத்துவிட்டார். முத்தொலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு வெண்சங்குப் பெட்டி வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போகட்டும். எங்கள் வீட்டில் வெண்சங்கு கேட்பதில்லை.

ஜனவரி 14, புதன்

பொங்கல். ஒரு சுண்டு அரிசி போட்டுப் பொங்கினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. புகை எச்சரிக்கை மணி அலறி, கட்டடப் பொறுப்பாளன் ஓடி வந்து, பொங்கலைப் பார்த்துவிட்டு முறைத்தான். அவனுக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன்.

சொர்ணம் வந்திருந்து சாப்பிட்டாள். அவளுடைய உறவுக்காரர் நேற்று அண்ணாவைப் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

“தவம், நான் சொல்லுறதைக் கேள். கொண்ணை ‘தங்கச்சி வந்தவளோ’ எண்டு கேட்டவராம். காதடியிலை ரேடியோவை வைச்சுக்கொண்டுதான் கிடக்கிறாராம். உனக்குப் போகப் பயமெண்டால் வெண்சங்குக்கு ஒருக்கால் போன் எடன். பொங்கல் வாழ்த்து எண்டு ரெண்டு வசனம் சொல்லு. உன்ரை குரலைக் கேட்டால் காணும் அந்த மனிசனுக்கு.”

“எனக்கென்ன பயம்?”

“அப்ப எடன்.”

“வெண்சங்கிலையோ? முத்தொலிக்காரர் கேட்டால் என்ன நினைப்பினம்? இருபது வருஷமா இதிலை கதைச்சுப்போட்டு...”

“சாகப்போற மனிசன்ரை காதுக்குக் கதைக்கிறதுக்கு முத்தொலியென்ன வெண்சங்கென்ன? நீயும் உன்ரை கறுமமும்!” என்று சொல்லிவிட்டுப் பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

கோபத்தில் போனவள் பொங்கலிலிருந்த கஜு எல்லாவற்றையும் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

கேட்டாராம் என்றால் எனக்கொரு போன் அடிக்கலாம்தானே. நம்பர் மாறவில்லை.

ஜனவரி 17, சனி

ஒருவரும் எனக்குப் போன் அடிக்கவில்லை. ரொட்டியும் சம்பலும்.

ஜனவரி 20, செவ்வாய்

போனேன்.

ஒருவரும் கூப்பிட்டுப் போகவில்லை, நானாகத்தான் போனேன். நேற்று முழுக்க யோசித்து, காலையில் எழும்பி இலைக்கஞ்சி காய்ச்சிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டேன். அண்ணாவுக்குத் தேங்காய்ப்பால் தூக்கலாக இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறினேன். பனிக்குள் கால் புதைந்து காலுறை எல்லாம் ஈரம்.

ஆஸ்பத்திரி வாசலில் வரவேற்பு மேசைக்காரியிடம் கனகசபை என்று அண்ணாவின் பெயர் சொல்ல அவள் மாடி இலக்கம் சொன்னாள். லிஃப்டடிக்குப் போனேன். அங்கே கோப்பிக் கடை வரிசையில் அபிராமி நின்றாள், அண்ணாவின் மகள். பதினொரு வருடத்தில் கொஞ்சம் பருத்திருக்கிறாள். தலையில் ஒரு வெள்ளைக் கீற்று. மச்சாளின் நெற்றி அப்படியே.

அவள் என்னைக் கண்டாள். கண்டாள் என்று எனக்கு நல்லாகத் தெரியும். சிரிக்கவில்லை, தலையைத் திருப்பவுமில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ‘பிள்ளை’ என்று கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. லிஃப்ட் வந்து கதவு திறந்தது, மூடியது.

திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். அதனால் வந்துவிட்டேன்.

கஞ்சியை நானே குடித்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன். நல்ல வேளை கொடுக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

சொர்ணத்திடம் போய் என் கைத்தொலைபேசியைக் கொடுத்து, “உதிலை வெண்சங்கு வரப் பண்ணித் தா” என்றேன். இப்போது பெட்டி தேவையில்லை, போனிலேயே எல்லா நிலையமும் வருகிறதாம். அவள் ஒன்றும் கேட்காமல் செய்து தந்தாள். அவளுக்கு வாயை மூடத் தெரிந்த ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

கேட்டேன். எங்கள் முத்தொலியின் கால்தூசிக்கும் வராது. அறிவிப்பாளன் சின்னப் பொடியன், ‘ழ’ வராமல் வாழ்த்துச் சொல்கிறான். ஆனால் பாட்டுகள் பழையவை. அண்ணா ஏன் கேட்கிறார் என்று விளங்கியது. காலையில் மரண அறிவித்தல்களும் போட்டார்கள். இன்னார் பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன், இன்னாரின் சகோதரன் என்று ஒவ்வொன்றாக. ஒரு பெயரை விட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பந்தலிலேயே அடிபட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அண்ணாவின் அறிவித்தலில் என்னை விட்டுவிடுவார்களோ? சீ, உயிரோடிருக்கிற மனிதனுக்கு இதை நினைக்கிறேனே. வாயைக் கழுவ வேண்டும்.

பதினொரு மணிக்கு அவர்களுடைய நேயர் நேரம். இலக்கத்தைச் சுற்றினேன். உடனே கிடைத்தது. முத்தொலி என்றால் காத்திருக்க வேண்டும்.

“வெண்சங்கு நேயர் நேரம், சொல்லுங்கோ... ஹலோ? பின்னுக்கு உங்கடை ரேடியோ கேக்குது, சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ... ஹலோ?”

எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பனிக்குள் போன வினை. கட்டின குரலில் கதைத்தால் இன்னார் என்று ஆளை மட்டுப்பிடிக்க முடியாது, வீண்தானே. வைத்துவிட்டேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். குரல் தெளியட்டும்.

ஜனவரி 24, சனி

இன்னும் தெளியவில்லை. திங்கள் பார்ப்போம்.

ஜனவரி 26, திங்கள்

கண் டொக்டரிடம் நாள் கொடுத்திருந்தார்கள். போய் வரப் பின்னேரமாகிவிட்டது. நாளைக்குக் கட்டாயம் எடுப்பேன். என்ன சொல்வதென்றும் யோசித்துவிட்டேன். “அண்ணை, நான் தவம் கதைக்கிறன்” என்று தொடங்கினால் போதும்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை வெண்சங்கில் வாசித்தார்கள். கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

‘யாழ்ப்பாணம் சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா கனகசபை அவர்கள் நேற்றுத் திங்கட்கிழமை இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்றவர்களான கந்தையா செல்லம்மா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற மங்கையர்க்கரசியின் ஆருயிர்க் கணவரும், அபிராமியின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்ற தவமலரின் அன்புச் சகோதரரும் ஆவார்.’

அண்ணா போய்விட்டார். என் அண்ணா போய்விட்டார். முதலில் அது மட்டும்தான் காதில் விழுந்தது. அடுப்படியில் நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகுதான் மற்றது உறைத்தது.

சொர்ணம் வெறுங்காலோடு மாடி ஏறி ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்து அழுதாள். அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கும் போல, என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பத்து மணியிலிருந்து போன் அடித்தபடி. எடுத்து ‘ஹலோ’ என்றதும் அந்தப் பக்கத்தில் மூச்சு நின்றுவிடும். மொன்றியலில் இருந்து ஒருத்தி, “அப்ப நீங்கள் சாகேல்லையோ?” என்று ஏமாந்த குரலில் கேட்டாள். ரூபனும் எடுத்தார். “அக்கா, வெண்சங்குக்காரருக்கு வாசிக்கவும் தெரியாது, விசாரிக்கவும் தெரியாது. நாளைக்கு எங்கடை நிகழ்ச்சியிலை வந்து நீங்களே மறுப்புச் சொல்லுங்கோ, சனம் விழுந்து விழுந்து கேக்கும்” என்றார்.

என் அண்ணா செத்திருக்கிறார், இவருக்குச் சனம் கேட்க வேண்டுமாம். “வையும் போனை” என்றேன். இருபது வருடத்தில் முத்தொலிக்கு நான் சொன்ன முதல் கடுஞ்சொல்.

அவர்கள் பிழையாக வாசித்திருப்பார்கள். அவசரத்தில் நடப்பதுதான்.

ஜனவரி 29, வியாழன்

அண்ணாவைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்குச் சொர்ணத்தோடு போனேன். வெள்ளைச் சேலை. வாசலில் நின்ற கிழவிகள் இரண்டு பேர் என்னைக் கண்டு விலகினார்கள். “ஐயோ, உது தவமலரெல்லே!” என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே தேவாரம் படித்தவருக்கும் ஒரு அடி பிசகியது.

அண்ணா வேட்டி சால்வையோடு கிடந்தார். எவ்வளவு சின்னதாகிவிட்டார். சைக்கிள் பெடல் சுற்றிய கையா அது? முகத்தைத் தொட்டேன், குளிர். “அண்ணை, நான் தவம்” என்றேன். திங்கட்கிழமை யோசித்து வைத்திருந்த வசனம். அழுகை வந்து தொலைக்கவில்லை.

அபிராமி வந்து, “மாமி, இஞ்சாலை வாங்கோ” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மேலங்கிகள் தொங்கவிடும் சின்ன அறை.

“பிள்ளை, நான் உயிரோடை இருக்கிறன். ரேடியோக்காரர் பிழையா வாசிச்சுப்போட்டாங்கள்.”

“பிழையில்லை, மாமி. அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் குடுத்தனான். அவர் இருக்கேக்கையே தன்ரை அறிவித்தலைத் தானே சொல்லித் தந்தவர்.”

“அண்ணையோ? அண்ணை என்னைக் காலஞ்சென்ற எண்டு...”

“நான் அப்பிடிச் சொன்னனான் அவருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை. தூக்கமில்லாத கண்.

“ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்தொட்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர். ‘தவம் வருவாள், தவம் வருவாள்’ எண்டு ஒரே கதை. அண்டைக்கு நீங்கள் லிஃப்டடிக்கு வந்தனீங்கள். சரி, வாறா எண்டு நினைச்சன். நான் மேலை வந்து பாக்கிறன், நீங்கள் இல்லை. அவர் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? கீழை வந்திட்டுத் திரும்பிப் போட்டா எண்டு சொல்லவோ? செத்துப்போனா எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு வாசலைப் பாக்கேல்லை.”

“அழுதவரோ?”

“ஓம்.”

“நீ என்னைப் பழிவாங்கிப்போட்டாய்.”

“இருக்கலாம்,” என்றாள். “எனக்கே தெரியேல்லை. அம்மாவை நினைச்சுக்கொண்டுதான் சொன்னனான்.”

“அண்டைக்கு ரேடியோவிலை நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை, பிள்ளை.”

“தெரியும், மாமி.”

பிறகு யாரோ ஒருவருடைய மேலங்கி கீழே விழ, அதை எடுத்துக் கொழுவிக்கொண்டே சொன்னாள். “ரேடியோ மட்டும் கடைசி வரைக்கும் காதடியிலை கிடந்தது. நேயர் நேரத்திலை ஆரும் வயசான பொம்பிளை கதைச்சால் சத்தத்தைக் கூட்டு எண்டு கையாலை காட்டுவார். உங்கடை குரலோ எண்டு பாக்கிறது போலை. நான் அப்பிடிச் சொன்னாப் பிறகு, கூட்டச் சொல்லிக் கேக்கேல்லை. அது பாட்டுக்கு மெல்லமா ஓடிக்கொண்டு கிடந்தது.”

போன வியாழக்கிழமை நான் வெண்சங்குக்குப் போன் எடுத்துவிட்டு வைத்ததை அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் அது காதடியில் மெல்லமாக ஓடியிருக்கும். இரண்டு சொல் போதும். கட்டின குரல் என்றாலும் என் அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணா கிடந்த பெட்டியை எரிக்க உள்ளே தள்ளும்போது பெண்கள் போகக்கூடாது என்றார்கள். போகவில்லை.

ஜனவரி 31, சனி

சொர்ணம் சோறு கொண்டு வந்தாள். வெண்சங்குக்குச் சொல்லி அறிவித்தலைத் திருத்தி வாசிக்கச் சொல்லலாம், காசும் வாங்க மாட்டார்களாம் என்றாள். யாருக்குத் திருத்தி வாசிக்க? கேட்க வேண்டியவருக்குப் போய்ச் சேரவா? வேண்டாம் என்றேன்.

முத்தொலிப் பெட்டியின் வயரைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் அரிசி கழுவி வைத்தேன். மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். பதினொரு மணிக்கு வெண்சங்குக்கு எடுத்தேன். குரல் தெளிந்திருந்தது.

“வணக்கம், வெண்சங்கு நேயர் நேரம். ஆர் கதைக்கிறியள்?”

“சுழிபுரம் தவமலர்.”

அந்தப் பொடியனுக்கு அந்தப் பெயர் ஞாபகமில்லை. அவன் வாசித்த ஆயிரம் பெயர்களில் அதுவும் ஒன்று. “புது நேயர் போலை கிடக்கு, வாங்கோ அம்மா, வாங்கோ! என்ன பாட்டு வேணும்?”

அண்ணா சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டே முணுமுணுக்கிற பாட்டைச் சொன்னேன்.

“ஆருக்காகக் கேக்கிறியள்?”

“என்ரை அண்ணைக்கு.”

“சந்தோசம். அண்ணை இப்ப கேட்டுக்கொண்டிருக்கிறாரோ, அம்மா?”

“ஓம் தம்பி,” என்றேன். “கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

அந்தப் பாட்டு அவர்களிடம் இல்லையாம். வேறொன்று போட்டார்கள்.